எச்சரிக்கை யாருக்கு?

நாயகன் சிகரெட்டைப் பற்றவைத்ததும் திரையின் கீழே ஓர் எச்சரிக்கை வரி வந்து நிற்கிறது. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். அது பேசுவது புகைப்பவனிடம் மட்டுமே: உன் உடம்பு, உன் உயிர். அதே சட்டகத்தில் அவனுக்குக் காபி நீட்டும் மனைவியிடம் சொல்ல அதற்கு ஒன்றுமில்லை.

அந்த மனைவியைப் பற்றி 1981லேயே எழுதிவிட்டார்கள். ஜப்பானில் தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத மனைவியர் 91,540 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவன் பிடிக்கும் சிகரெட் கூடக்கூட மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடியது. புகையிலை நிறுவனங்கள் அவருடைய கணக்கைத் தாக்கின. என்னை உறுத்துவது வேறு. அந்த அட்டவணையில் பெண்கள் கணவனின் சிகரெட் எண்ணிக்கைப்படி பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். சங்கடமான முறைதான், ஆனாலும் சரியான முறை. அவர்கள் சுவாசித்த காற்றை முடிவு செய்தவர் அவர்தானே.

நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை கடுமையானது. வீடு பொது இடமல்ல. வீட்டுக்குள் போலீஸ் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை (அடி விழும்போதே பல வீடுகளுக்கு வருவதில்லை). விளம்பரமாவது வாசற்படியைத் தாண்டியிருக்கலாம்.

தாண்டினால் அடுப்படி வரும். விறகு, வறட்டிப் புகையிலும் சிகரெட் புகையில் இருப்பதுபோலவே நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் பென்சோபைரீனும் உண்டு. மூச்சிரைப்போடு போன என் அத்தையிடம் ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்: "புகைபிடிப்பீங்களா?" அத்தை, "ஐயோ, இல்லீங்க" என்றார். சீட்டில் 'இல்லை' என்று ஏறியது. நாற்பது வருஷம் ஊதுகுழலால் அடுப்பை ஊதியவர் அவர். எதில் சமைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அரசுக்கும் இவை இரண்டு புகைகள். சிகரெட் சுகாதாரத் துறையிடம். 2016ல் தொடங்கிய உஜ்வலா பெட்ரோலியத் துறையிடம். உஜ்வலா சுவரொட்டியில் பெண் சிலிண்டரோடு சிரிக்கிறாள். அடுத்த சிலிண்டருக்குப் பணம் யார் கையில் இருக்கிறது என்பதை நான் பார்த்த சுவரொட்டிகளில் காணோம். இணைப்புத்தான் இலவசம். சிலிண்டர் தீர்ந்து, கையில் காசில்லாத மாதத்தில் அவள் மறுபடி சுள்ளி பொறுக்கப் போகிறாள். அந்த மாதமும் அவர் பீடிக்கட்டு வாங்குகிறார். இந்த இரண்டு செலவையும் ஒரே சட்டகத்தில் வைத்துக் காட்டும் விளம்பரத்தைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.