எழுதுகோல் யார் கையில்?

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர் உள்ளத்தில் எழுபவன் வல்வில் ஓரி. இரவலர்க்கு வாரி வழங்கிய வள்ளலென்று சங்கப் புலவர்கள் அவனைப் பாடிவைத்தனர். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அரசே அம்மலையில் அவனுக்கு விழா எடுக்கிறது. கொடுத்தவனைப் பற்றி இவ்வளவு பேசிய இலக்கியம், அதே மலையில் கடன்பட்டு நின்றவனைப் பற்றிப் பேச நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. எண்பதுகளில் வெளிவந்த கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’ நாவலில்தான் அவனை நாம் நேருக்கு நேர் சந்திக்கிறோம்.

ஆசிரியர் நாமக்கல் வட்டாரத்தவர், விவசாயிகள் இயக்கத்தில் தோய்ந்தவர், 2022-இல் மறைந்தார். கொல்லிமலை மக்கள் கீழ்நாட்டு வணிகரிடமும் வட்டிக்காரரிடமும் வனத்துறையினரிடமும் சிக்குண்டு தவித்ததையும், பிறகு ஒன்றுகூடிச் சங்கம் கண்டதையும் சொல்வது அந்நாவல். (மலையாளிகள் எனப்படும் இம்மக்கள் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் பழங்குடியினர்.) இதனைக் கட்சி நாவலென ஒதுக்குவோரும் உண்டு, பழங்குடி வாழ்வின் ஆவணமெனப் போற்றுவோரும் உண்டு. இரு சாராரும் கடன் என்னும் பொருளைப் போதிய அளவு ஆராயவில்லை என்பதே நம் எண்ணம். போராட்ட நாவலின் இலக்கணமும் இதற்கொரு காரணம். கூட்டம் திரண்டதும் கதை உச்சத்தை எட்டிவிடுகிறது. திரண்டவர்கள் நோட்டு வாங்கி, வரவு செலவு எழுதி, எழுதியதைச் சரிபார்க்கும் சலிப்பான வேலைக்கு அதில் இடமிருப்பதில்லை. இதை ஆசிரியரின் குறையென்று சொல்லமாட்டோம். ஆயினும் வாசகர் அவ்விடத்தில் நின்றுவிடலாகாது.

ஏனெனில், மலையின் கடன் வட்டிக்காரனின் கொடுமையால் மட்டும் பிறந்ததன்று. முன்பு சாமையும் கேழ்வரகும் தினையும் அங்கே வீட்டு உணவாக விளைந்தன. சாமையைக் குதிரில் கொட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை பிடிக்காவிட்டால் விற்காமல் இருக்கலாம். பின்னர், சமவெளியின் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. அது கையில் காசு தந்தது. அக்காசுக்கே அரிசி வாங்கவேண்டிய நிலையையும் உடன் தந்தது. கிழங்கு விளைய ஏறத்தாழ பத்து மாதம் ஆகும்; தோண்டியபின் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அந்தப் பத்து மாதமும் உண்ண வேண்டுமே! ஆகவே வணிகரிடம் முன்பணம். அறுவடையில் விலை சொல்பவரும் அவரே, எடை போடுபவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சரக்கு இறங்க வேண்டிய மலையில் வேறொரு வாங்குபவரை எங்கே தேடுவது?

இந்நிலையைப் போக்க அரசு முயலாமல் இல்லை. 1969-இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. எழுபதுகளில் பழங்குடியினருக்கென்றே பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கொல்லிமலைக்கும் அவ்வகைச் சங்கம் வந்தது. நாவலின் பெயரே அரசின் பதிவேட்டிலும் ஏறிய விந்தையை எண்ணிப் பார்க்கிறோம். 1992-இல் நபார்டு வங்கி சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. 2014-இல் ஜன்தன் கணக்குகள் வந்தன. இன்று ஏழையின் வீட்டில் பாஸ்புத்தகம் இருப்பது புதுமையன்று. அவர் அதைப் படித்தறிகிறாரா என்பதே நம் வினா. அன்று கடன் பத்திரத்தின் முத்திரைத்தலையில் பதிந்த பெருவிரல், இன்று வங்கி முகவரின் சிறு இயந்திரத்தில் பதிகிறது. திரையில் தோன்றிய தொகை என்னவென்று அவ்விரலுக்குரியவர் அறியாவிட்டால், கருவி மாறியதேயன்றி நிலை மாறவில்லை.

2016 முதல் ரிசர்வ் வங்கி நிதிக் கல்வி வாரம் நடத்துகிறது, கையேடுகளும் வெளியிடுகிறது. சேமியுங்கள், கண்ட இடத்தில் கடன் வாங்காதீர்கள் என்னும் வகையிலான அறிவுரைகள் நல்லவையே. ஆனால் கிழங்கு அழுகுவதற்குள் விற்றாக வேண்டியவரிடம் சிக்கனத்தைப் போதிப்பது, பசித்தவனுக்குச் செரிமானம் பற்றிச் சொல்வது போன்றது. ஏழைக்கு அறிவு குறைவு என்ற அனுமானத்திலிருந்து புறப்படும் கல்வி, கணக்கு எழுதுபவரை நோக்கி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

இங்கே நம் சமுதாயத்தாரையும் நோக்கிச் சில சொல்ல வேண்டும். வட்டி ஹராம் என்று சொல்லிவிட்டு, வங்கி பற்றிய பேச்சையே நம்மில் பலர் முடித்துக்கொள்கிறோம். ஆனால் அல்பகரா அத்தியாயம் அத்துடன் முடியவில்லை. வட்டியைத் தடுக்கும் வசனங்களை ஒட்டியே, நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரப் பணிக்கும் 280-ஆம் வசனம் வருகிறது. அடுத்து 282, திருமறையிலேயே மிக நீண்ட வசனம். அதன் பொருள் கடனை எழுதிவைத்தல். எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சலிப்படையலாகாது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவரே. அவர் சொல்ல இயலாத பலவீனராயின், அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். தன் பொறுப்பைத் தானே ஒப்புக்கொள்வதற்காக இவ்விதி என விரிவுரையாளர் கூறுவர். அதனினும் ஒரு படி மேலே சென்று, தான் எதற்கு உடன்படுகிறோம் என்பதை அறியாமல் எவரும் கடனாளி ஆகலாகாது என்ற கருத்தையும் நாம் அதில் காண்கிறோம். நம் ஊர் பைத்துல்மாலில் அழகிய கடன் பெறும் கைம்பெண்ணிடம்கூட எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். வட்டி இல்லை என்பதால் அப்பிழை சிறிதாகிவிடுமா?

நன்கு நடக்கும் மகளிர் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் கலையுமுன் அன்றைய வரவு, கடன், பாக்கி அனைத்தையும் ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவரும் தம் பெயர் வரும்போது தொகை தவறென்றால் அங்கேயே மறுப்பார். ‘சங்க’த்துக்கு அடுத்து கொல்லிமலையிலிருந்து நாம் எதிர்பார்க்கும் நாவல், அத்தகைய கூட்டமொன்றில் ஒரு பெண் எழுந்து, “இந்த ஐம்பது ரூபாய் நான் வாங்கவில்லை” என்று சொல்லும் இடத்தில் தொடங்க வேண்டும்.