மெட்டல் கவர் பாட்டு: எப்படி ரசிப்பது?

மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் இருப்பவர் அச்சு அசல் எஸ்.பி.பி. மாதிரியே பாடினால் கைதட்டல் பறக்கும். மெட்டல் குழு அடுத்தவர் பாட்டை எடுத்துப் போடும் கவரை அந்தக் காதோடு கேட்டால் ஏமாற்றம்தான். அங்கே அசல் மாதிரியே இருப்பதுதான் குறை.

தில்லிக் குழுவான பிளடிவுட்டில் தொடங்குங்கள். வக்கீல் வேலையை விட்டுவிட்டு வந்த கரண் கட்டியாரும் பாடகர் ஜயந்த் பதுலாவும் பாப் பாட்டுகளை மெட்டலாக்கி யூடியூபில் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் ‘ஆன்டி-பாப் வால்யூம் 1’ என்று கவர் ஆல்பமே வந்தது. என்னைக் கேட்டால், அதை ஒருமுறை கேட்டுச் சிரித்தால் போதும்.

அடுத்த ஆண்டு வந்த ‘ஆரி ஆரி’ வேறு ரகம். மூலம், பஞ்சாபிக் கல்யாண வீடுகளில் பெண்கள் கைதட்டிப் பாடும் ‘பாரி பர்ஸி’. பன்னிரண்டு வருஷம் சம்பாதிக்கப் போனவன் என்ன கொண்டுவந்தான் என்று ஆளாளுக்கு அடியெடுத்துக் கொடுத்துக் கேலி செய்வார்கள். அதை டென்மார்க்கின் பாம்பே ராக்கர்ஸ் நடனப் பாட்டாக்கியது. அங்கிருந்து பிளடிவுட் எடுத்துக்கொண்டது. முதலில் பாம்பே ராக்கர்ஸைக் கேட்டு மெட்டை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் பிளடிவுட். முதல் தடவை டோலையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை கிடாரைக் கவனியுங்கள்: உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிக்கொண்டே மீட்டுவதால் சத்தம் நீளாமல் ‘டுக்டுக்’ என்று வெட்டுப்படும். இந்தக் குழு த்ராஷ் என்ற மெட்டல் வகை அல்ல, நாட்டுப்புற இசையைக் கலக்கும் ஃபோக் மெட்டல்தான். ஆனால் இந்த வெட்டு, த்ராஷ்காரர்கள் வேகம் கூட்டித் தங்கள் முத்திரையாக்கிய வித்தை. ஜயந்தின் உறுமலில் வார்த்தை தேடாதீர்கள். அதையும் ஒரு வாத்தியமாக நினைத்துக் கேட்டால் தலைவலி வராது. இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் கல்யாண வீட்டு மெட்டு குலையாமல் நிற்கிறது. ரசிக்க வேண்டியது அதைத்தான்.

காது பழகிவிட்டதா? அடுத்து அசல் த்ராஷ்: மெட்டாலிகா குழுவின் கவர் ஆல்பம் ‘கராஜ் இன்க்.’ (1998). ஆல்பத்தில் இரண்டு தட்டுகள், 27 பாட்டுகள். முதல் தட்டு புதிதாகப் பதிவு செய்தது, பளபளப்பு அதிகம். என் ஓட்டு இரண்டாவதற்கு. பாஸ் கிடார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986-ல் விபத்தில் இறந்தபின், புதிதாக வந்த ஜேசன் நியூஸ்டெடோடு 1987-ல் வாசித்த ஐந்து கவர்கள் அதில் இருக்கின்றன. கடை வைப்பதுதான் விலை என்று ஆகிவிடக் கூடாதென்று 5.98 டாலரைத் தலைப்பிலேயே அச்சடித்து, அந்த ஐந்தையும் அப்போதே தனித் தட்டாக வெளியிட்டிருந்தார்கள். அந்த ஐந்தில் கடைசிப் பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள். அயர்ன் மெய்டன் குழுவின் பாட்டொன்றை வேண்டுமென்றே சுருதி விலக வாசித்துக் கலாய்ப்பார்கள். பெரிய குழு ஒன்று பயிற்சி அறையில் எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் சில விநாடிகள் அவை.

இரண்டும் பிடித்துப்போனால் பிளடிவுட்டின் ‘ரக்ஷக்’ (2022) ஆல்பத்துக்கு வாருங்கள். அதில் ஒரு கவர்கூடக் கிடையாது.