மெய்நிகர்க் கூட்டம் - ஒரு மதிப்பீடு

தொலைவில் இருப்பவர்களை ஒரே அறையில் அமர்த்திக் காட்டுவதாகக் கூறும் மெய்நிகர்க் கருவிகள் சொன்னதைச் செய்கின்றனவா? அறிவியல் பயிலும் நீங்கள் இதனை விளம்பரத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. கருவியின் அமைப்பைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

2021 ஆகஸ்டில் பேஸ்புக் நிறுவனம் 'ஹொரைசன் ஒர்க்ரூம்ஸ்' என்னும் மெய்நிகர்க் கூட்ட அறையை வெளியிட்டது. 503 கிராம் எடையுள்ள 'குவெஸ்ட் 2' கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, 16 பேர் வரை ஒரே மேசையைச் சுற்றி அமர முடிந்தது. அமர்ந்தவை அவர்களுடைய பொம்மை உருவங்களே. இடப்புறம் இருந்தவரின் குரல் இடப்புறமிருந்தே கேட்டது. யார் பேசுகிறார் என்று எளிதில் அறிய உதவிய இவ்வசதி பாராட்டத்தக்கது.

ஆனால் இதற்கு ஈடாக இழப்பது என்ன? கருவி கண்களை மூடிவிடுகிறது. கண்ணசைவை அளக்கும் வசதியும் அதில் இல்லை. ஆகவே பொம்மையின் பார்வை கணிப்பொறியின் ஊகமே. நீங்கள் புருவம் சுளித்தாலும் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. முகம் பார்த்துப் பேசத்தான் கூடுகிறோம், அம்முகமே அங்கில்லை!

கண்ணுக்கும் ஒரு தொல்லை உண்டு. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும்; உடன் கண் வில்லையும் தடித்து அத்தொலைவுக்குக் குவியும். இவை இணைந்தே நடைபெறுபவை. கருவியின் வில்லைகளோ படத்தை எப்போதும் ஒரே தொலைவில், ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் நிறுத்துகின்றன. கையருகே தோன்றும் தாளைக் காணக் கண்கள் திரும்ப வேண்டும். குவியமோ மாறக் கூடாது. கண் சோர்வுக்கு இம்முரண்பாடு ஒரு காரணமாகும்.

அப்படியானால் இம்முறையே வீணா? இல்லை. நாசாவின் ஜெட் உந்து ஆய்வகம் மைக்ரோசாப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து 'ஆன்சைட்' என்னும் மென்பொருளை உருவாக்கியது. 'க்யூரியாசிட்டி' ஊர்தி செவ்வாயில் எடுத்த படங்களிலிருந்து அந்நிலத்தை அது முப்பரிமாணத்தில் காட்டியது. வெவ்வேறு இடங்களில் இருந்த விஞ்ஞானிகள் அந்நிலத்தில் உலவி, ஒரே பாறையைச் சுட்டிக்காட்டிப் பேச முடிந்தது. 2018ஆம் ஆண்டுக்கான நாசாவின் சிறந்த மென்பொருள் விருதையும் அது பெற்றது. பாறையடுக்கின் சாய்வும் தொலைவும் தட்டையான படத்தில் எளிதில் பிடிபடுவதில்லை. மேலும், நிலப்பரப்பின் பெரும்பகுதி சற்றுத் தள்ளியே தோன்றுவதால் கண்ணின் முரண்பாடும் அங்குக் குறைவு.

ஆகவே, கருவி வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: பேசப்போவது ஓர் இடத்தையோ வடிவத்தையோ பற்றியதா? ஆம் எனில், மெய்நிகர்க் கருவி உதவும். ஒருவர் கருத்தை ஒருவர் அறிவதே நோக்கமெனில், முகத்தை உள்ளபடி காட்டும் சாதாரணக் காணொலியே மேல்.