உம் கொட்டும் குரல்

கதை சொல்லுகிறவனுக்கு எதிரே உட்கார்ந்து 'உம்' கொட்ட ஒரு ஆள் வேண்டும். அவன் இல்லாவிட்டால் கதை நகராது. எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. வெற்றுக் காகிதத்தைப் பார்த்துத்தான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, அந்த 'உம்' கொட்டுகிற குரலையே கலையாக்கிவிட்ட ஒரு இசைத்தட்டை நான் அடிக்கடி எடுத்துக் கேட்கிறேன். அமெரிக்காவின் தென்பகுதியான ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த மீகோஸ் என்ற மூவர் குழுவின் முதல் முழு இசைத்தட்டு அது. 2015 ஜூலை 31-ஆம் தேதி வெளியாயிற்று. 'யங் ரிச் நேஷன்' என்று பெயர். இளமையும் பணமும் உள்ளவர்களின் தேசம் என்று அர்த்தம் செய்துகொள்ளலாம்.

இந்த வகைச் சங்கீதம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராப் என்பது பாட்டு என்பதைவிடப் பேச்சு. தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட பேச்சு. அதற்கு நியூயார்க்கில் ஒரு சாயல், கலிபோர்னியாவில் ஒரு சாயல், தெற்கே பல சாயல்கள். தெற்கத்திச் சாயல்களில் ஒன்றுக்கு 'ட்ராப்' என்று பெயர். ட்ராப் என்றால் பொறி. எலிப்பொறி என்கிறோமே, அந்தப் பொறிதான். போதைச் சரக்கு விற்கும் வீட்டுக்கு அட்லாண்டா நகரத்துத் தெருப்பேச்சில் அந்தப் பெயர். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கடினம் என்கிற சமாசாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. அட்லாண்டாக்காரரான டி.ஐ. 2003-இல் தம்முடைய இசைத்தட்டுக்கு 'ட்ராப் மியூசிக்' என்று பெயர் வைத்தார். வீட்டின் பெயர் ஒரு சங்கீத வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

அதன் அடித்தளம் ஒரு ஜப்பானிய யந்திரத்தின் ஓசை. ரோலண்ட் கம்பெனி 1980-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து 1983-இல் நிறுத்திவிட்ட 808 என்ற தாள யந்திரம். நிஜ வாத்தியம் மாதிரி ஒலிக்கவில்லை என்று பெரிய சங்கீதக்காரர்களில் பலர் அதை ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டதால் விலை இறங்கியது. விலை இறங்கியதால் ஏழைப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்தது. காதுக்கு முன்னால் வயிற்றில் கேட்கிற அந்தக் கனத்த அடியின் மேல்தான் ட்ராப் சங்கீதம் நிற்கிறது.

இனி மூவர். க்வேவோ, டேக்ஆஃப், ஆஃப்செட் என்பவை அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள். க்வேவோ, டேக்ஆஃபுக்குத் தாய்மாமன். மாமனுக்கும் மருமானுக்கும் வயது வித்தியாசம் மூன்றே வருஷம். க்வேவோவின் தாயார் வளர்ப்பில் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். ஆஃப்செட்டும் அவர்களோடு சேர்ந்து வளர்ந்தவர். 2008-இல் குழுவாகச் சேர்ந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

வளர்ந்த இடம் அட்லாண்டாவின் நடு வீதி அல்ல. வடகிழக்கே உள்ள க்வினெட் என்ற புறநகர்ப் பிரதேசம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் புல்தரையும் கார்ஷெட்டுமாக வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த இடம். பிறகு கறுப்பர்களும் மெக்ஸிகோக்காரர்களும் ஆசியாக்காரர்களும் குடியேறினார்கள். 2010 ஜனத்தொகைக் கணக்கில் வெள்ளையர் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். நகரத்தோடு அந்த இடத்தைச் சேர்ப்பது 85-ஆம் எண் நெடுஞ்சாலை. தட்டில் அந்தச் சாலையின் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. பழைய கலிபோர்னியாக் கதைப்பாட்டுகளின் சாயலில் அமைந்தது. பொறி என்றதும் நாம் இடிந்த சுவரையும் இருட்டுச் சந்தையும் கற்பனை செய்கிறோம். இந்தப் பிள்ளைகள் கண்ட பொறிக்கு முன்னால் புல்தரை இருந்தது. அந்த வித்தியாசம் குரலிலும் தெரிகிறது. இருட்டுக்குப் பயந்த குரல் அல்ல. நல்ல வெயிலில் பேசுகிற குரல்.

இவர்களுடைய நடையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான்கு அடித் தாளத்தில் ஒவ்வொரு அடிக்கும் மும்மூன்று அசைகளாக வார்த்தைகளை இறக்குகிறார்கள். திஸ்ரம் என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு விளங்கிவிடும். தகிட, தகிட, தகிட என்று ஓடுகிறது. 2013-இல் வந்த 'வெர்சாச்சி' என்ற பாட்டு இந்த நடையை நாடெங்கும் பரப்பியது. இத்தாலிய உடைக்கடையின் பெயரையே ஜதி மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டு அது. அந்தப் பெயரும் மூன்று அசைதான். அதே வருஷம் கனடாக்காரரான டிரேக் தாமும் அதில் சேர்ந்து பாடியதும், ராப் உலகில் பாதிப் பேர் தகிடவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நடை இவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. மெம்ஃபிஸ் நகரத்து த்ரீ சிக்ஸ் மாஃபியா என்ற கோஷ்டி 1990-களிலேயே இதைக் கையாண்டிருக்கிறது. ஆனால் அவர்கள் கையில் அது பேய்க்கதை சொல்லுகிறவனின் முணுமுணுப்பாக இருந்தது. மீகோஸ் அதைச் சந்தோஷமாக்கினார்கள். நல்ல செய்தி கொண்டுவருகிற பையன் வாசற்படியிலிருந்தே மூச்சு வாங்கச் சொல்லத் தொடங்குவானே, அந்த அவசரம் இந்தத் தகிடவில் இருக்கிறது.

நடையை யாரும் பழகிக்கொள்ளலாம்; பலர் பழகிக்கொண்டும் விட்டார்கள். பழகிக்கொள்ள முடியாதது ஒன்று இருக்கிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும், சில சமயம் வரியின் நடுவிலும், மற்றவர்கள் பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார்கள். ஒரு சொல், ஒரு கூச்சல், ஒரு சிரிப்பு, துப்பாக்கிச் சத்தம் மாதிரி ஒரு ஓசை, முன்னவர் சொன்ன கடைசி வார்த்தையின் எதிரொலி. ராப்பில் இப்படிப் பின்குரல் வைப்பது பழைய வழக்கம். பெரும்பாலும் அது கறிவேப்பிலை மாதிரி. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். மீகோஸிடம் எடுத்துவிட்டால் பாட்டே நின்றுபோகும். க்வேவோவின் குரல் பாதி பாட்டாக இழுக்கும். ஆஃப்செட்டுடையது கத்தி மாதிரி வெட்டும். எல்லாரிலும் இளையவரான டேக்ஆஃபின் குரல்தான் கனமும் நிதானமும் உள்ளது. ஒன்று விட்ட இடைவெளியில் இன்னொன்று வந்து உட்காருகிறது. ஒரே வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் அடுத்தவன் எங்கே மூச்சு விடுவான் என்பது தெரியும்.

இதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. தென்னமெரிக்க மாநிலங்களைச் சொல்லவில்லை; அமெரிக்க நாட்டின் தெற்கைச் சொல்லுகிறேன். அங்கே கறுப்பர்களின் தேவாலயத்தில் போதகர் பேசும்போது சபை சும்மா கேட்டுக்கொண்டிருப்பதில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் பதில் கொடுக்கும். 'வெர்சாச்சி'க்கு இசை அமைத்த ஜேடோவன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வந்தவர். பொறி வீட்டுப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் இடையே உள்ள சுவர் நாம் நினைப்பதைவிட மெல்லியது.

இப்போது ஒரு நாவலாசிரியனின் வழக்கப்படி பொருளடக்கத்தைப் பார்க்கிறேன். தட்டில் 15 பாட்டுகள். முதல் பாட்டின் தலைப்பு 'மெமோயர்ஸ்', அதாவது வாழ்க்கை நினைவுகள். மூன்றாவது 'மீகோஸ் ஆரிஜின்', குழு பிறந்த கதை. கடைசிப் பாட்டு 'ரெகக்னிஷன்', அங்கீகாரம். தட்டு வெளியானபோது இவர்களுக்கு 21, 23, 24 வயது. அந்த வயதில் நினைவுக் குறிப்பா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பொறியில் வளர்ந்தவனுக்கு 24 வயது நீண்ட ஆயுள். அவன் அறுபது வயதுக்குக் காத்திருந்து எழுதமாட்டான்.

சிரிப்பு அடங்க இன்னொரு காரணமும் உண்டு. 2015 ஏப்ரலில் ஜார்ஜியா சதர்ன் பல்கலைக்கழகத்தில் கச்சேரி செய்யப் போன இடத்தில் மூவரும் துப்பாக்கி, போதைப்பொருள் வழக்கில் கைதானார்கள். மாமனும் மருமானும் ஜாமீனில் வந்தார்கள். ஆஃப்செட்டுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. டிசம்பரில்தான் வெளியே வந்தார். முதல் இசைத்தட்டு கடைக்கு வந்த தினத்தன்று அவர் சிறையில் இருந்தார். பெயரோ பணக்கார தேசம். அந்தத் தேசத்தின் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு கம்பிக்குப் பின்னால்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 15 பாட்டு அதிகம். பத்தோடு நிறுத்தியிருந்தால் தட்டு இறுகியிருக்கும். கிறிஸ் பிரௌனைக் கூப்பிட்டு வைத்துச் செய்த 'ஜஸ்ட் ஃபார் டுநைட்' கடைக்காரன் கேட்டான் என்று செய்தது போல் இருக்கிறது. வீட்டு மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும் கூடத்தில் விருந்தாளி வந்ததும் எல்லாரும் சட்டையைச் சரிசெய்துகொள்வது மாதிரி ஒரு செயற்கை. அதைவிடப் பெரிய குறை, பெண்கள் இந்தத் தேசத்தில் பிரஜைகள் அல்ல. நகை, கார், மதுப்புட்டி வரிசையில் இன்னும் ஒரு சாமான். இவர்களை வளர்த்து ஆளாக்கியவள் ஒரு பெண் என்பதை நினைத்தால் இது வருத்தமாக இருக்கிறது. தட்டை ரசிப்பதற்காக இதை நான் பொறுத்துக்கொள்ள முடியும், நியாயப்படுத்த முடியாது.

அப்படியானால் சரக்கு விற்றதைப் பெருமையாகச் சொல்லுகிறதை மட்டும் ரசிக்கலாமா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். கலைக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. சம்பந்தம் இருக்கிறது. ஒரு கதாபாத்திரத்திடம் நான் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் அவன் பேச்சு மெய்யா என்று கேட்பேன். தனியாக நின்று ஜம்பம் பேசுகிறவனை நம்ப எனக்கு வழியில்லை. கேட்கிறவன் அந்நியன், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் தன் வீட்டுச் சமையலறையில் எத்தனை நாள் அடுப்பு எரிந்தது என்று தெரிந்தவன் பக்கத்தில் நிற்கும்போது ஒருவன் முழுப் பொய் பேச முடியாது. மீகோஸின் ஜம்பத்தில் ஒவ்வொரு வரிக்கும் சாட்சி இருக்கிறது. 'நான் ஜெயித்துவிட்டேன்' என்கிறான் ஒருவன்; 'ஆமாம், நான் பார்த்தேன்' என்கிறது பின்னாலிருக்கும் குரல். தற்பெருமை அந்த நிமிஷத்தில் வாக்குமூலமாகிவிடுகிறது. காரின் பெயரும் கடிகாரத்தின் பெயரும் எனக்கு முக்கியமல்ல. 'அப்போது நம்மிடம் ஒன்றும் இல்லை, இப்போது இருக்கிறது' என்று இரண்டு பேர் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற பிரியம்தான் இந்தத் தட்டின் கவர்ச்சி. அதை அர்த்தமில்லாத கூச்சல் என்றவர்கள் முன்னால் பேசுகிறவனை மட்டும் கேட்டவர்கள்.

இந்தத் தட்டு எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2017 ஜனவரியில் வந்த அடுத்த தட்டு 'கல்ச்சர்' தான் அவர்களை விற்பனைப் பட்டியலின் உச்சியில் வைத்தது. அந்த மாதம் கோல்டன் குளோப் பரிசு மேடையில் நடிகர் டொனால்ட் குளோவர் இவர்களுக்குப் பகிரங்கமாக நன்றி சொன்னார். 'கல்ச்சர்' இன்னும் கச்சிதமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் தட்டில் இருக்கிற, அங்கீகாரம் இன்னும் வந்து சேராதவனின் பசி அதில் இல்லை.

பிறகு மூவர் இருவரானார்கள். ஆஃப்செட் விலகியிருக்க, 2022 அக்டோபரில் மாமனும் மருமானும் சேர்ந்து ஒரு தட்டு வெளியிட்டார்கள். அது வந்து ஒரு மாதம் ஆவதற்குள், நவம்பர் 1-ஆம் தேதி, ஹூஸ்டன் நகரத்தில் ஒரு விளையாட்டு விடுதியின் வாசலில் நடந்த சண்டையில் டேக்ஆஃப் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 28. சண்டைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அவர் கையில் ஆயுதமும் இல்லை என்று போலீஸார் சொன்னார்கள். க்வேவோ அங்கேயே இருந்தார்.

அதற்குப் பிறகு இந்த முதல் தட்டைப் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். முதல் தடவை மூவரையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாம் தடவை முன்னால் பேசுகிறவரை விட்டுவிட்டு, க்வேவோ மூச்சு வாங்குகிற இடங்களில் பின்னாலிருந்து வருகிற அந்தக் கனத்த குரலை மட்டும் கவனியுங்கள். மாமன் சொல்லுவதற்கெல்லாம் மருமான் விடாமல் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.