இணங்கச் செய்யும் இயந்திரம்: ஃபாக் ஆய்வின் நிறையும் குறையும்

ஓர் ஆய்வாளரின் பெருமையை அளக்க அவர் நூலை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணுவது வழக்கம். அதனினும் கடுமையான அளவுகோல் ஒன்று உண்டு. அவர் கருத்து நூலகத்தை விட்டு வெளியேறி மக்கள் வாழ்வில் என்ன விளைத்தது என்பதே அது. இவ்விரண்டாலும் ஆராயத் தக்கவர் அமெரிக்க அறிஞர் பி. ஜே. ஃபாக்.

மனிதரும் கணினியும் உறவாடும் முறையை ஆராயும் துறை, கருவியை எளிதாகவும் பிழையின்றியும் கையாளச் செய்வது எங்ஙனம் என்ற வினாவையே பெரிதும் சுற்றி வந்தது. ஃபாக் அவ்வினாவைத் திருப்பிப் போட்டார். கருவி மனிதரை இயக்குவது எவ்வாறு என்று கேட்டார். மக்கள் தம்மை அறியாமலே கணினியிடமும் உடன்மனிதரிடம் நடந்துகொள்வது போல் நடந்துகொள்கின்றனர் என்பதை, ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்களான பைரன் ரீவ்ஸ், கிளிஃபர்டு நாஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருந்தனர். அதே பல்கலைக்கழகத்தில் 1997இல் முனைவர் பட்டம் பெற்ற ஃபாக், அவ்வடித்தளத்தின்மேல் ஒரு புதுத் துறையையே எழுப்பினார்.

அவருடைய 2003ஆம் ஆண்டு நூல் இத்துறையின் முதல்நூல் எனலாம். கணினி மனிதருக்குக் கருவியாகவும், பட்டறிவு தரும் ஊடகமாகவும், உறவாடும் ஆளாகவும் நின்று அவரை இணங்கச் செய்கிறது என அந்நூல் முத்திறமாக வகுத்தது. வற்புறுத்தலும் வஞ்சித்தலும் இணங்கச் செய்தல் ஆகா என்றும் வரையறுத்தது. 2006இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் இத்துறைக்கெனத் தனி மாநாடு கூடியது. 2009இல் பின்லாந்து அறிஞர் ஓய்னாஸ்-குக்கோனனும் ஹர்யுமாவும் இவ்வாய்வை விரித்து 28 வடிவமைப்பு நெறிகளை வகுத்தனர். ஒரு துறைக்குப் பெயரும் எல்லையும் கலைச்சொல்லும் தந்தவர் என்னும் புகழ் ஃபாக்குக்கு உரியது. அதனை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் அவர் வகுத்த எல்லையிலேயே குறையும் உள்ளது. வடிவமைத்தோர் கருதிச் செய்த விளைவுகளையே ஆராய்வதென்றும், கருதாமல் நேரும் பக்கவிளைவுகள் இவ்வாய்வின் புறத்தன என்றும் அவர் கோடு கிழித்தார். அந்நூல் காட்டும் ஓர் எடுத்துக்காட்டே இக்கோட்டின் இடரை உணர்த்தும். நள்ளிரவிலும் அழுது, பேணுவாரை எழுப்பும் குழந்தைப் பொம்மை அது. அதனைச் சில நாள் பேணும் மாணவியர் பெற்றோராவதன் சுமையை உணர்ந்து, இளவயதில் கருவுறுதலைத் தவிர்ப்பர் என்பது அமைத்தோர் நோக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளின் மாணவியரைப் பல ஆண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இத்தகைய பொம்மையைப் பேணிய திட்டத்தில் சேர்ந்தோரிடையே இளவயதில் கருவுறுதல் குறையவில்லை. சேராதோரினும் மிகுந்தே காணப்பட்டது. நோக்கம் நன்று, விளைவு வேறு. விளைவைத் துறைக்குப் புறத்தே நிறுத்திய வரையறை இங்கே கைகொடுக்கவில்லை.

இரண்டாம் குறை 2009இல் அவர் வெளியிட்ட வாய்பாட்டில் உள்ளது. ஊக்கம், இயலுமை, தூண்டல் ஆகிய மூன்றும் ஒரே கணத்தில் கூடினால் செயல் நிகழும் என்பது அது. எளிமையும் தெளிவும் அதன் சிறப்பு. ஆனால் அச்செயல் யாருடைய நன்மைக்கு என்ற வினாவுக்கு அதில் இடமே இல்லை. உடற்பயிற்சிக்கு எழுப்பும் மணியோசைக்கும், உறங்கப் போனவரை மீண்டும் திரைக்கு இழுக்கும் மணியோசைக்கும் வாய்பாடு ஒன்றே.

அறத்தை அவர் மறந்தார் என்று கூறுதல் பொருந்தாது. 2003ஆம் ஆண்டு நூலில் அறநெறிக்கெனத் தனி இயலே உண்டு. எனினும் இயல் வேறாகவும் வாய்பாடு வேறாகவும் நின்றன. வாய்பாடு கைக்கு எளிது. தொழில் செய்வோர் அதனை எடுத்துக்கொண்டனர். 2007இல் அவர் நடத்திய வகுப்பில் மாணவர் ஃபேஸ்புக்குக்காக அமைத்த செயலிகள் சில வாரங்களில் பல இலட்சம் மக்களைச் சென்றடைந்தன. இன்ஸ்டகிராமைத் தோற்றுவித்தோருள் ஒருவரான மைக் கிரீகரும், பின்னாளில் கவனத்தைக் கவரும் செயலிகளைக் கடுமையாகக் கண்டித்த டிரிஸ்டன் ஹாரிசும் ஃபாக்கிடம் பயின்றவர்களே. ஒரே பள்ளியில் ஆக்கியோரும் கண்டித்தோரும் தோன்றியது, அப்பள்ளியின் பாடத்தில் ஏதோ ஒன்று முடிவுறாமல் நின்றமைக்குச் சான்றாகும்.

மாணவன் நூல் முழுவதையும் சுமந்து செல்வதில்லை. சூத்திரத்தையே சுமந்து செல்கிறான். ஆகவே அறம் பின்னிணைப்பாக நில்லாமல் சூத்திரத்தின் உள்ளேயே ஓர் உறுப்பாக அமைதல் வேண்டும். மனிதரை அசைக்கும் விசையைக் கண்டு காட்டியவர் ஃபாக். அவ்விசையைக் கையாள்வோர் விளைவுக்கு விடை கூறும் வண்ணம் அவ்வாய்பாட்டை நிறைவு செய்வது அவர் வழிவந்தோர் கடன்.