டங்ஸ்டன் தகடுகளின் கணக்கு

ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. ஓட்டுபவருக்கு நுணுக்கத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்குக் கதிர்வீச்சுக்குப் போகும் நம் ஊர்க்காரர்களைப் பார்க்கும்போது, அதே நுணுக்கம் உடலுக்குள் வேலை செய்யும் விதம் என்னை வியக்க வைக்கிறது.

தொண்டைப் புற்றுக்குப் பொதுவாக 70 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), 35 தவணை, ஏழு வாரம். பக்கத்திலேயே தண்டுவடம், அதற்கு 45 கிரேயைத் தாண்டவிடத் தயங்குவார்கள். உமிழ்நீர்ச் சுரப்பி சராசரியாக 26 கிரேக்கு மேல் வாங்கினால் வாய் வறண்டு சோறு இறங்காது. இவற்றையெல்லாம் எண்களாக எழுதி, மீறினால் அபராதம் என்று வைத்து, வேண்டிய விடையிலிருந்து பின்னோக்கித் தேடும்படி கணினியிடம் சொல்கிறார்கள். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் பிராமே 1980களில் திறந்த வழி இது. கணினி ஒவ்வொரு கதிர்க் கற்றையையும் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் வலிமையையும் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறது. அப்படிக் கிடைத்த வலிமைகளுக்கேற்ப, கருவித் தலையிலுள்ள மெல்லிய டங்ஸ்டன் தகடுகள், பல கருவிகளில் 120, நகர்ந்து கற்றையைச் செதுக்குகின்றன. என்ன அழகான வேலை!

எந்த மீறலுக்கு எவ்வளவு அபராதம் என்பதை மட்டும் கணினி முடிவு செய்வதில்லை. மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் உட்கார்ந்து, அந்த அபராதங்களின் எடையை மாற்றி, மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அந்த நோயாளி நாளை ருசித்துச் சாப்பிட வேண்டும் என்பதும் அதில் ஓர் எண்.