பள்ளமும் பாம்பும் வழுக்குமரமும்

மேடைக்கு மேடை தாவிச் செல்லும் கணினி விளையாட்டுக்களில் ஓயாது தோன்றும் இடர் ஒன்றுண்டு. அதுவே பள்ளம். அமிர்தகழிச் சிறுவரும் இன்று கைப்பேசியில் தாண்டிப் பழகிய இவ்விடரின் தோற்றத்தை ஈண்டு ஆராய்வாம்.

1981ஆம் ஆண்டில் நிண்டெண்டோ நிறுவனத்துக்காகச் சிகெரு மியமோட்டோ அமைத்த ‘டாங்கி காங்’ விளையாட்டிலே, உருண்டுவரும் பீப்பாய்களே பேரிடராய் நின்றன. மறு ஆண்டில் டேவிட் கிரேன் ஆக்கிய ‘பிட்ஃபால்’ தன் பெயரிலேயே பள்ளத்தைத் தாங்கி வந்தது. அதில் வெறுங்குழியில் வீழ்ந்தோன் புள்ளிகளை இழந்து நிலத்தடி வழியைச் சேர்வான். புதைகுழியில் வீழ்ந்தோன் உயிரிழப்பான். 1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டிலோ, பள்ளத்தில் வீழ்தல் என்பது இறத்தலே ஆயிற்று.

ஏணியையும் வீழ்ச்சியையும் கண்டவுடன் ‘இது நமது பரமபதமே’ என்று பெருமை கொள்ளத் தோன்றும். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தில் ஏணி நற்குணத்தையும் பாம்பு தீக்குணத்தையும் குறிக்கும். அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் பரவியது. 1943இல் அமெரிக்கப் பலகையிற் பாம்பு சறுக்குமரமாய் மாறியது. எனினும், பரமபதத்தில் ஆடுவோனை வீழ்த்துவது தாயமேயன்றி அவனது திறக்குறைவன்று. பாம்பின் வாயைக் கண்டும் விலக அவனால் இயலாது. பள்ளமோ கண்ணும் கையும் தப்பியவனையே விழுங்கும். ஆதலின் இவ்வுறவு தோற்றத்தளவில் நிற்பது. கால்வழி என்று கொள்ளுதற்குச் சான்று போதாது.

பண்பால் நெருங்கிய உறவை நாடின், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டாகிய வழுக்குமரத்தையே காட்டலாம். ஆங்கும் ஏறுவோன் தன் உடல் வலியாலும் பொழுதறிந்து பிடிக்கும் திறத்தாலுமே உயர்வான், பிடி தளரின் சறுக்கி அடிவாரம் சேர்வான், மீண்டும் ஏறுவான். தோல்வியே பயிற்சியாதல் இரண்டிற்கும் பொது.

ஆயினும் பெரியதொரு வேற்றுமை உளது. வழுக்குமரத்தில் முன் ஏறிச் சறுக்கியவன் மரத்தின் மெழுக்கிற் சிறிதைத் தன் உடலோடு துடைத்துச் செல்கின்றான். பின்வருவோன் அவன் தோல்வியால் நலம் பெறுகின்றான்; தோழர் தோளையும் படியாக்குகின்றான். 2009இல் வந்த மாரியோ விளையாட்டொன்றில் நால்வர் ஒருங்கே ஆடவும், ஒருவர் தலையை ஒருவர் மிதித்துத் தாவவும் இடமுண்டு. எனினும் நூறு பேர் வீழினும் பள்ளம் ஓர் அங்குலமும் தூர்வதில்லை.

மட்டக்களப்பு மாணவருள் இக்கலையை ஆக்க முன்வருவோர் சிந்திக்கத்தக்கது இதுவே. பரமபதத்தின் படத்தைத் திரையில் வரைதல் எளிது. ஒருவன் வீழ்ச்சி மற்றொருவன் வழியைச் செம்மையாக்கும் இடரைப் படைத்தலோ அரிது. அதனைப் படைப்பாராயின் நம் விளையாட்டின் உயிரையே உலகுக்கு அளித்தவராவர்.